கூண்டுக்கு வெளியே ஒரு வரி

மண்டபம் வடக்குத் துறை.
ஐஸ் கம்பெனி மாடியில் என் மேசை.
கீழே கட்டி உடைக்கும் எந்திரம் ஓடினால்
திரையில் சுட்டி தானாக அரை விரல் நகரும்.
அந்த அதிர்விலேயே எழுதினேன்,
நானூற்றுச் சொச்சம் விசைப்படகுக்கு
டோக்கன் கொடுக்கும் நிரலை.

முதலில் வழிக்கு ஒரு காவல் வைத்தேன்.
டீசல் மானியம் பார்க்க வந்தால்: நீ யார்?
பதிவைத் திருத்த வந்தால்: நீ யார்?
அபராதத்தை நீக்க வந்தால்: நீ யார், என்ன பதவி?
இருபத்தேழு வழி,
இருபத்தேழு தடவை அதே கேள்வி.
இருபத்தெட்டாவதை எழுதிய ராத்திரி கரன்ட் போனது.
கேள்வியும் போனது.
மறு வாரம் ஐஸ் வியாபாரி ஒருவர்
மச்சான் படகின் அபராதத்தைத் தாமே நீக்கி
குறிப்பில் ‘நன்றி’ என்று போட்டிருந்தார்.

அன்றைக்குத்தான்
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
படகு படகாகப் போய் யாரும் சொல்லவில்லை.
கம்பத்தில் ஒன்று ஏறியது,
துறை முழுக்க நின்றது.

இருபத்தெட்டையும் அழித்தேன்.
வழிகளைத் தொகுதியாகக் கட்டி
முகப்பில் ஒரே ஒரு காவல்.
இனி உள்ளே எது பிறந்தாலும்
பூட்டோடு பிறக்கும்.
அதிகாரிகளுக்கு, தொகுதிக்குள் ஒரு தொகுதி:
ஆளைக் கேட்ட பிறகுதான் பதவியைக் கேட்க வேண்டும்.
வரிசை மாறினால்
இல்லாத ஆளின் பதவியைத் தேடி
நிரல் வெறுமையில் தடுக்கி விழும்.
இரண்டு முறை விழுந்தது.

கரை திரும்பிய படகுகளின் பட்டியல்
வெளியே அநாதையாகக் கிடந்தது.
அதில் மீன் எடை உண்டு,
கடைசியாக வலை போட்ட இடம் உண்டு.
படகு கரை தொடும் முன்பே அதைப் பார்த்து
விலையை அடித்தார்கள் வியாபாரிகள்.
அதையும் இழுத்து உள்ளே போட்டேன்.
அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை பதிவேட்டைப் பார்த்தால்
ஒரே போன்,
ஒரே படகு, எண் ஆயிரத்து நூற்று எண்பத்தேழு.
இரண்டு மணி ஐந்து: நானூற்று ஒன்று.
இரண்டு எட்டு: நானூற்று ஒன்று.
இரண்டு பத்து.
விடியும் வரை அதே எண்,
கதவில் தலையை மோதுவது போல.

பின்னோக்கித் தேடினேன்.
நான்கு மாதமாக, படகு தங்கும் ஒவ்வொரு ராத்திரியும்
அதே போன் வந்திருக்கிறது,
திறந்து கிடந்த வழியில்.
யாரென்று தெரியாது.
லாகின் முதலாளிக்கு உண்டு, கணக்கருக்கு உண்டு;
கூலிக்குப் போகிறவன் வீட்டுக்கு இல்லை.
லாகின் இல்லாத இடத்தில் பெயரும் இல்லை.
பாம்பனோ தங்கச்சிமடமோ,
ஒரு கூரைக்குக் கீழே
வெளிச்சமான ஒரு சிறு சதுரம், அவ்வளவுதான்.

பட்டியலைத் திறக்க மனசு வரவில்லை.
எடையும் இடமும் உள்ளேயே இருக்கட்டும்.
புதிதாக ஒரு வழி போட்டேன்:
படகு எண்ணைக் கொடுத்தால்
ஒரு சொல் வரும்.
‘கடலில்’ அல்லது ‘கரையில்’.
தொகுதிக்கு வெளியே,
எந்தக் கேள்வியும் கேட்காத வழி.

நம்புராஜன் சார் ஓட்டிப் பார்த்தார்.
‘ஜுலைஹா, இது ஒண்ணு மட்டும் வெளியே நிக்குதே?’
‘நிக்கட்டும் சார்.’
‘நாளைக்கு இன்னொருத்தன் வந்து
மறதின்னு நெனச்சு உள்ளே தள்ளிருவான்.
எழுதி வை.’
மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
இது மறந்து விட்டதல்ல.

சனி ராத்திரி நான் தூங்கவில்லை.
இரண்டு இருபது: இருநூறு, கடலில்.
இரண்டு இருபத்து நாலு: இருநூறு, கடலில்.
மூன்று மணி: கடலில்.
அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
நாலு நாற்பத்தொன்று: இருநூறு,
கரையில்.

அதற்கு மேல் அந்தப் போன் எதுவும் கேட்கவில்லை.
கீழே ஐஸ் உடைக்கத் தொடங்கினார்கள்.
சுட்டி
அரை விரல் நகர்ந்தது.